குழந்தை பருத்திருப்பது யார் குற்றம்?

கொழுகொழு என்று இருக்கும் குழந்தையைக் கண்டால் எல்லோருக்கும் ஆசைதான். கன்னத்தைக் கிள்ளாமல் போக மாட்டார்கள். ஆனால், வயதுக்கு மீறிக் குழந்தை பருத்துவிட்டால் அதே வாய்கள் வேறு விதமாகப் பேசும்.

"பெற்றவள் தின்னக் கொடுத்தே கெடுத்துவிட்டாள்" என்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பல இடங்களில் இதே கதைதான். "சாப்பாட்டைக் குறை, ஓடி விளையாடு" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள்.

இது சிகிச்சை ஆகாது என்று பெரிய டாக்டர்களே இப்பொழுது சொல்கிறார்கள். ஏன் என்பதற்கு ஒரு சிறுமியின் கதையே போதும்.

வயது 8; எடை 86 கிலோ!

இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் இரண்டு குழந்தைகளை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். இருவரும் உறவுக்காரக் குழந்தைகள். சிறுமிக்கு வயது 8. எடை 86 கிலோ! பையனுக்கு வயது 2. எடை 29 கிலோ!

பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். பிறகுதான் உடம்பு ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை.

டாக்டர் ஸ்டீபன் ஓராகிலி, டாக்டர் சதாப் பரூக்கி ஆகியோரைக் கொண்ட குழு அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தது. அதில் "லெப்டின்" என்ற பொருள் மிக மிகக் குறைவாக இருந்தது.

லெப்டின் ஒரு தூதன் மாதிரி. "கொழுப்பு போதிய அளவு இருக்கிறது" என்று மூளைக்கு அது சேதி சொல்லும். இந்தக் குழந்தைகளுக்குச் சேதி போகவில்லை. ஆகவே, உடம்பு பட்டினி கிடக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டது. இது பிறவிக் குறை. 1997-ம் ஆண்டு இந்த உண்மை வெளியாயிற்று.

சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது. ஒரே ஆண்டில் 16 கிலோ குறைந்தது!

குற்றம் தாயுடையதும் அல்ல, மகளுடையதும் அல்ல.

இந்தக் குறை மிகவும் அபூர்வமானது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் ஒன்றல்ல, பல. பரம்பரைக் கூறு, எண்ணெய்ப் பண்டம், இனிப்புப் பானம், தூக்கக் குறைவு, விளையாட இடம் இல்லாமை, மனக் கவலை எல்லாம் சேர்ந்து எடையை ஏற்றுகின்றன. எது காரணம் என்று தேடிய பிறகுதான் டாக்டர் பேச வேண்டும்.

ஆளுக்கு ஒரு பக்கம்

2022-ம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன் நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

அளவுக்கு மீறிப் பருத்த குழந்தைக்கு ஈரலில் கொழுப்பு சேரலாம். சர்க்கரை வியாதி வரலாம். தூக்கத்தில் மூச்சுத் திணறலாம். இடுப்பு எலும்பு நழுவலாம்.

இவற்றுக்கெல்லாம் தனித்தனி நிபுணர்கள் உண்டு. ஈரல் டாக்டர் ஈரலைப் பார்ப்பார். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் வேராக இருக்கும் எடையை யார் பார்ப்பது?

இதற்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டார்கள். 2 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக 15 தனிச் சிகிச்சை நிலையங்களை ஏற்படுத்தப்போவதாக 2021-ம் ஆண்டு நவம்பரில் அறிவித்தார்கள். அவற்றை 30 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள்.

அங்கே குழந்தையை ஒரு டாக்டர் மட்டும் பார்ப்பதில்லை. டாக்டர், நர்சு, உணவு நிபுணர், மனநல நிபுணர் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறார்கள். எடை ஏறியதற்குக் காரணம் என்ன, வீட்டு நிலைமை என்ன என்று விசாரிக்கிறார்கள். வந்துள்ள நோய்க்கும் மருந்து தருகிறார்கள்.

பேசும் தராசு

பிரிஸ்டல் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு புதுமை செய்து பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டை ஒரு சிறிய தராசின் மேல் வைப்பார்கள். வேகமாகச் சாப்பிட்டால் "மெதுவாக" என்று தராசே பேசும்!

9 முதல் 17 வயது வரை உள்ள 106 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்குத் தராசு. ஓர் ஆண்டு கழிந்தது. தராசுப் பிரிவினருக்கே பருமன் அதிகம் குறைந்திருந்தது. 2010-ல் இதன் முடிவு வெளியாயிற்று. பட்டினி போடாமல், திட்டாமல், சாப்பிடும் பழக்கத்தை மாற்றியதால் கிடைத்த பலன் இது.

பெற்றோர் கவனிக்க

குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். மற்றவர்கள் முன்னால் கேலி செய்யாதீர்கள். 5 வயதுக்கு முன்பே மிகவும் பருத்துவிட்டதா? சாப்பிட்ட கையோடு மறுபடியும் பசி என்று அழுகிறதா? தூக்கத்தில் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதா? கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா? இவற்றை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"ஏன் இவ்வளவு தின்றாய்?" என்று கேட்பவர் நல்ல நிபுணர் அல்ல. "எப்பொழுதிலிருந்து இவ்வளவு பசிக்கிறது, கண்ணு?" என்று கேட்பவரே நல்ல நிபுணர்.