வத்திராயிருப்புக்காரர் பார்த்த மங்கல் ஒளி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மலையடியில் இருக்கிறது வத்திராயிருப்பு. 1898இல் அங்கே பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து, வடிகட்டிய சூரிய ஒளியைத் திரவங்களில் பாய்ச்சி, நிறம் மாறிச் சிதறிய கீற்றைக் கண்ணாலேயே பார்த்தவர். விளைவுக்கு ராமன் பெயர். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணன் பெயரும் தெரிய வேண்டும்.

அந்த மங்கல் ஒளியைக் கொண்டு, புற்றுநோய்ச் சதைத்துணுக்கில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று இன்று படமெடுக்கிறார்கள்.

வாணங்களில் வைக்கும் மணிமருந்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உருட்டிக் காயவைத்த மணிக்குள் எந்த உப்பு என்பதை வானத்தில் எரியும் நிறம்தான் சொல்லும். பச்சை என்றால் பேரியம், சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம். இப்படிப் படமெடுக்கப் பயன்படும் நானோ துகளும் ஒரு மணிதான். நடுவில் தங்கம், தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஒட்டிய சாய மூலக்கூறு, மேலே சிலிக்கா ஓடு, ஓட்டின்மேல் ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி. லேசர் பட்டால், நிறம் மாறிச் சிதறும் ஒளியில் சாயம் தனக்கே உரிய ராமன் கோடுகளைக் காட்டும். சாதாரணமாகக் கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் அப்படி மாறும். தங்கத்தின் எலெக்ட்ரான்கள் லேசரோடு சேர்ந்து அலைவதால், ஒட்டியிருக்கும் சாயத்தின் கோடுகள் பல லட்சம் மடங்கு வலுக்கின்றன. இந்தப் பெருக்கம் முதலில் தென்பட்டது 1974இல், இங்கிலாந்தில், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில்.

ஒளிரும் சாயங்கள் முன்பே இருக்கின்றனவே? அவற்றின் நிறப்பட்டை அகலம். சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாக வெடித்தால் பிரித்துச் சொல்ல முடியாததுபோல, நாலைந்து சாயத்துக்கு மேல் கலந்துவிடும். ராமன் கோடுகளோ ஊசிபோல் ஒல்லி. 2009இல் ஸ்டான்ஃபோர்டில் 10 வகைத் துகள்களை உயிருள்ள எலியின் உடலுக்குள்ளேயே பிரித்தறிந்தார்கள்.

மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க மூன்று புரதங்களைப் பார்ப்பது வழக்கம்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் தனிச் சீவல். மெழுகில் பதித்த பயாப்சித் துணுக்கோ நூல் கனம்தான். சீவச் சீவத் தீர்ந்துபோகும். எல்லாவற்றையும் ஒரே சீவலில் பார்த்தால் துணுக்கு மிஞ்சும். இரண்டு புரதங்கள் ஒரே செல்லில் சேர்ந்து இருக்கின்றனவா என்பதும் தெரியும். எனக்கு இதில் பெரிதாகப்படுவது அதுதான்.

வேலை இன்னும் முடியவில்லை. ஆன்டிபாடியைவிடத் துகள் பல மடங்கு பெரிது. திசுவுக்குள் நுழையத் திணறும், தொடர்பில்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆன்டிபாடி இல்லாத துகளையும் பக்கத்துச் சீவலில் போட்டு ஒப்பிடுகிறார்கள். பிறகு லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் கோடுகளைப் பிரித்து எழுத வேண்டும். ஒரு சீவலுக்கே மணிக்கணக்காகும்.