வெயிலும் தனிமையும்

வெயில் எல்லார் தலைமேலும் ஒருபடித்தாகவே எறிக்கின்றது. ஆயினும் அதனால் மாள்வோர் எல்லாரும் அல்லர். 1995ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வெப்பம் 106 பாகை பரனைற்றை எட்டிற்று. அவ்வெப்ப அலையால் மாண்டோர் 700 பேருக்கு மேலாவர். முதுமையில் வியர்வை குறையும், தாகவுணர்ச்சி மழுங்கும், குருதியைத் தோலுக்குச் செலுத்தி உடலைக் குளிர்விக்க முயலும் இதயமும் களைத்துப்போம். ஆதலின் மாண்டோருட் பெரும்பாலார் முதியோராயினமை வியப்பன்று.

எறிக் கிளினென்பேர்க் என்னும் சமூகவியலார், அருகருகே அமைந்த வட லோண்டேல், தென் லோண்டேல் என்னும் இரு பகுதிகளை ஒப்பிட்டார். வறிய முதியோரும் தனித்து வாழ்வோரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவினர். எனினும், இலட்சத்துக்கு முன்னதில் 40 பேரும் பின்னதில் 4 பேரும் மாண்டனர். தென்பகுதித் தெருக்களிற் கடைகளும் சனநடமாட்டமும் மிகுதி. கிழவர்கள் அச்சமின்றி வெளிவந்து கடைகளின் குளிர்ச்சியில் ஒதுங்கினர். வடபகுதியிலோ கடைகள் மூடுண்டு மனைகள் பாழாய்க் கிடந்தன. கள்வர்க்கஞ்சி வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்தனர் முதியோர்.

தனித்து வாழும் முதியோருள் மகளிரே மிகுதி. மாண்டோருள்ளோ ஆடவரே மிக்கனர். சுற்றத்தையும் நட்பையும் பேணும் வழக்கம் ஆடவர்க்குக் குறைவென்பது அவர் காட்டும் காரணம். முதுமையை அணுகும் என்போலியர்க்கு இச்செய்தி உறுத்துவதே.

உரிமை கோருவாரின்றிக் கிடந்த 41 உடல்களை அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரே நீள்குழியில் அடக்கினர்.