கடைப் படிப்பும் முதுமாணிப் படிப்பும்

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் புங்குடுதீவிலோ காரைநகரிலோ அனலைதீவிலோ ஒரு பெடியன் எட்டாம் வகுப்போடு பெட்டி கட்டிக் கொழும்புக்கோ காலிக்கோ குருநாகலுக்கோ புறப்பட்டால், படிப்பைக் குழப்பிவிட்டான் என்று ஊர் வருந்துவதில்லை. "கடைக்குப் போறான்" என்றுதான் சொல்லும். மாமாவோ சித்தப்பாவோ ஊரில் அறிந்த ஒருவரோ அங்கே சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை என்று ஏதோ ஒன்று வைத்திருப்பார். பெடியனுக்கு வேலையும் சாப்பாடும் படுக்கையும் அந்தக் கடைக்குள்ளேதான். சில மாதங்களில் சிங்களம் நாக்கில் ஏறிவிடும்.

முதலில் கூட்டித் துடைக்கிற வேலை. பிறகு நிறுத்துக் கட்டுகிற வேலை. அதன்பின் கடன் கொப்பி கைக்கு வரும். படிப்பின் நடுப்பகுதி அதுதான். எந்த வீட்டுக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், சம்பளக்காரனிடம் எந்தத் தேதியில் கேட்க வேண்டும், வயல்காரனிடம் எந்த அறுவடைக்குப் பிறகு கேட்க வேண்டும், எந்தச் சரக்கு எத்தனை நாள் தட்டில் கிடந்தால் நட்டம் என்பதெல்லாம் அந்தக் கொப்பியோடு பழகித்தான் தெரியவரும். லாச்சித் திறப்பு கடைசியாகத்தான் கொடுக்கப்படும். அது கையில் வந்த அன்றைக்கு அவன் தேறிவிட்டான் என்று பொருள். இன்னும் சில ஆண்டுகளில் அவனுக்கென்று ஒரு பங்கு, அல்லது பக்கத்து ஊரில் தனிக் கடை.

இன்று அதே தீவுகளிலிருந்து ஒரு பிள்ளை முதலீட்டு முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போகிறேன் என்கிறது. பெறுமதி மதிப்பீடு, கடன் பத்திரங்கள், பெறுதிகள், தொகுப்புக் கோட்பாடு, தொழில் ஒழுக்கம் என்று பாடங்கள் நீளும். பாட்டனும் பேத்தியும் செய்வது ஒரே வேலை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பாட்டன் தன் காசைத் தன் கண்முன்னே சுழற்றினார். பேத்தி படிப்பது முகம் தெரியாதவர்களின் காசை, முகம் தெரியாத இடங்களில் வைக்கிற பொறுப்பை. ஆனால் இரண்டுக்கும் நடுவே யாழ்ப்பாணத் தீவகத்துக்கு நடந்த ஒன்று இருக்கிறது. அதைத் தெரியாமல் இந்தப் பட்டத்தைப் படிப்பது அரைப் படிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

கடையில் மிஞ்சிய காசு எங்கே போனது என்பதிலிருந்து தொடங்கலாம். ஊருக்கு மணியோடர் வந்தது. காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள், பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் எழுதினார்கள், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தார்கள். காணியை ஒற்றிக்கு வாங்குவதும் ஒரு முதலீடு. கடன் கொடுத்தவர் வட்டி கேட்க மாட்டார். காசு திரும்பும்வரை காணியின் விளைச்சலை அனுபவிப்பார். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமையிலேயே ஒற்றிக்கு விதிகள் உண்டு.

சீட்டு இன்னொரு வழி. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபா. அவசரக்காரர் ஒருவர் இரண்டாயிரம் கழிவுக்கு முதல் சீட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணாயிரம் கிடைக்கும், ஆளுக்கு 800 கட்டினால் போதும். தன் 800ஐக் கழித்தால் அவர் கையில் உண்மையில் சேர்ந்தது 7,200. பின்வரும் மாதங்களில் கழிவே இல்லையென்றால் ஒன்பது மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுவார். இதன் உள்ளக வருவாய் வீதம் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால், கணினியில் நிமிடத்தில் வந்துவிடும்: மாதத்துக்கு ஏறத்தாழ 4.7 வீதம். எங்கள் பெரியவர்கள் இந்தச் சமன்பாட்டைக் கண்டதில்லை. ஆனால் எந்த மாதம் எவ்வளவு கழிவுக்கு எடுத்தால் கட்டுபடியாகும், எவ்வளவுக்கு மேலே போனால் விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிதி முகாமைத்துவ விரிவுரையில் தள்ளுபடி வீதம் விளங்காமல் திணறும் பிள்ளைக்குச் சீட்டுப் பிடிக்கிற அம்மம்மா விளங்கவைத்துவிடுவார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1952இல் ஹரி மார்க்கோவிட்ஸ் என்ற இளம் அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். முதலீட்டுப் படிப்பின் அடித்தளமே அதுதான். 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது. முதலீடுகளைப் பல இடங்களில் பிரித்து வைத்தால் ஆபத்து குறையும் என்பது அவருக்கு முன்பே உலகம் அறிந்ததுதான். அவர் காட்டியது அதற்கு அடுத்த படி: எத்தனை இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதைவிட, அந்த இடங்கள் சேர்ந்து விழுமா, தனித்தனியே விழுமா என்பதுதான் முக்கியம். எல்லாம் ஒரே காற்றில் விழக்கூடியவை என்றால், பத்து இடத்தில் வைத்தாலும் ஒரே இடத்தில் வைத்த மாதிரித்தான்.

தீவக முதலாளிமார் பிரித்து வைக்கத் தெரியாதவர்கள் இல்லை. காலியில் ஒரு கடை, மாத்தறையில் தம்பியின் பேரில் ஒன்று, அனுராதபுரத்தில் மருமகனோடு பங்குக்கு ஒன்று என்று வைத்தவர்கள் உண்டு. ஓர் ஊரில் வெள்ளம் வந்தால் மற்ற ஊர் தாங்கும். ஒரு சரக்கு விலை இறங்கினால் இன்னொன்று தாங்கும். ஆனால் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஓர் ஆபத்து இருந்தது: முதலாளி தமிழன் என்பது. 1958இல் தமிழருக்கு எதிரான வன்முறையாக அது ஒருமுறை வெளியே வந்தது. 1977இல் மறுபடியும் வந்தது. 1983 ஜூலையில், ஊருக்கு ஊர் தூரம் எவ்வளவு என்று பாராமல், ஒரே வாரத்தில் கடைகள் எரிந்தன. இருபது முப்பது ஆண்டு உழைப்பும் கடன் கொப்பிகளும் சேர்ந்தே போயின. கொப்பி எரிந்தால் வரவேண்டிய கடனும் எரிந்த மாதிரித்தான். எரிந்த சொத்துகளைப் பொறுப்பேற்க அரசு ரெப்பியா என்ற அதிகாரசபையை அமைத்தது. ஆனால் பலர் கடைக்குத் திரும்பவே இல்லை.

இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. 1958க்குப் பிறகும் அவர்கள் திரும்பிப் போய்க் கடையைத் திறந்ததற்குக் காரணம் இருந்தது. தீவில் மழையை நம்பிய மண், உவர் ஏறிய கிணறு. வேறு போக்கு இல்லை. வாடிக்கையாளரோடு இருந்த பழக்கமும் உண்மையானது. பல இடங்களில் முதலாளியை ஒளித்துக் காப்பாற்றியவர்களும் அந்தச் சிங்கள அயலவர்களே. ஆனால் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிற படிப்பு அயலவரைத்தான் கணக்கில் எடுக்கும், அரசியலை எடுக்காது. இன்றைய முதுமாணிப் பாடத்தில் நாட்டு ஆபத்து, அரசியல் ஆபத்து என்று தனி அத்தியாயம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் விலையைத் தீவகம் ஏற்கனவே கட்டிவிட்டது.

1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையோடு ஊர்களும் காலியாகின. காணி, கல்வீடு, ஒற்றி என்று ஊரில் போட்டுவைத்த மற்றப் பாதியும் முடங்கியது. மிஞ்சியது எளிதில் தூக்கிச் செல்லக்கூடியவை: நகையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும். பாரிஸ், ரொறன்ரோ, லண்டன், சுவிஸ் என்று போன குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பில் காசைக் கொட்டியதை வெறும் அந்தஸ்து ஆசை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எரிக்க முடியாத சொத்து எது என்று அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தார்கள்.

இன்றைய பாதை வேறு. வேலணை மத்திய கல்லூரியிலோ நெடுந்தீவு மகா வித்தியாலயத்திலோ உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுக்கிற பிள்ளை கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றையும் தமிழில் படிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ, வணிக பீடத்துக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். அங்கே தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் அதே வகுப்பில் இருப்பார்கள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அதற்கு முன்பே ஒரு தடை உண்டு. குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலம் வழியாகப் பேருந்து. காற்றுக்காலத்தில் படகு ஓடாத நாள் வகுப்பும் இல்லை. அதனால் பலர் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கித்தான் படிக்கிறார்கள். முதுமாணிக்கு யாழ்ப்பாணத்திலேயே வியாபார நிர்வாகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நிதிப் பொருளியல் முதுமாணி இருக்கிறது. முதலீட்டு முகாமைத்துவம் என்ற பெயரிலேயே படிக்க விரும்புகிறவர்கள் லண்டனின் பேயஸ் வணிகப் பள்ளி போன்ற இடங்களை நாடுகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே முதலீட்டுத் தொழிலுக்கான சி.எஃப்.ஏ. பரீட்சை எழுதுகிறவர்களும் உண்டு.

கடைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, ஆங்கிலம் வேண்டாம். ஏழைப் பெடியனும் நுழையலாம். அந்தக் கதவு மூடப்பட்டது பெரிய இழப்பு. ஆனால் அந்தக் கதவு பெண் பிள்ளைக்கு ஒருநாளும் திறந்திருக்கவில்லை. கடைக்கு அனுப்பப்பட்டவன் மகன். மகளுக்கு முதலீடு என்பது அவள் பேரில் எழுதிய சீதனம் மட்டும். இன்று முகாமைத்துவ வகுப்புகளில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கிற காலத்திலும் ஒரு பழைய சட்டத்தின் நிழல் விலகவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று வைத்தது. கணவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோடிக்கணக்கான ரூபா நிதியைக் கையாளப் படித்த பெண்ணுக்குத் தன் பெயரில் உள்ள இரண்டு பரப்புக் காணியை விற்க இன்னொருவர் கையெழுத்து எதற்கு? நூறு ஆண்டுக்கு மேல் இந்த விதி நீடித்ததே வெட்கக்கேடு.

வகுப்பில் இன்னொன்றும் காத்திருக்கிறது. பங்கு வரலாறு என்று தொடங்கினால் விரிவுரையாளர் 1602க்குப் போவார். பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு நகரச் சபைகளாக இயங்கியது: அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ஃப்ற், ரொட்டர்டாம், ஹோர்ன், என்குய்சன். தீவகப் பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. ஒல்லாந்தர் காரைநகருக்கு வைத்த பெயர் அம்ஸ்ரடாம்; புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹோர்ன். ஆறு சபைகளில் ஐந்தின் பெயர் எங்கள் தீவுகளில். நாங்கள் முதலீட்டாளராக இந்த வரலாற்றுக்குள் வரவில்லை. முதலீடு செய்யப்பட்ட இடமாக வந்தோம்.

அந்த நிலை இன்னும் மாறிவிடவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் கலப்பு மின்திட்டம் ஒன்றைப் பாருங்கள். சூரியஒளி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற் மணி. 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் நிதியோடு சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை போனது. இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவில் திட்டம் நின்றது. பிறகு இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடை தந்து, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கடன் எப்படி நன்கொடையானது, தாமதத்தில் எரிந்த டீசலின் விலை என்ன, மின்கலம் மாற்றும் ஆண்டில் யார் காசு கொடுப்பார் என்று ஒரு முதுமாணி மாணவர் கணக்குப் பார்த்தால் அது அருமையான ஆய்வாகும். ஆனால் நிதித்துறை ஆய்வேடுகளில் பெரும்பாலானவை கொழும்புப் பங்குச்சந்தை நிறுவனங்களின் ஆண்டறிக்கைத் தரவுகளைச் சுற்றியே நிற்கின்றன. அந்தத் தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது காரணம் என்று விளங்குகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

படித்தவர்கள் ஊரில் தேவைப்படுகிறார்கள் என்பதை 2022 காட்டியது. ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்டமுடியாமல் நின்றது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்கு முன் 5 வீதம் அளவில் இருந்த திறைசேரி உண்டியல் வருவாய் 30ஐத் தாண்டியது. பழைய வட்டியில் நிலையான வைப்பைப் போட்டுவிட்டு அதை நம்பி இருந்த ஓய்வூதியக்காரர்களுக்குத் திறைசேரி உண்டியல் என்றால் என்ன, அதைச் சாதாரண மனிதரும் வாங்கலாமா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. 2008 டிசம்பரில், மக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது பெயரையும் வட்டி வீதத்தையும் பார்த்துக் காசு கொடுத்தவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. கடைக்காரப் பாட்டனார் இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பார்: இவ்வளவு வட்டி தர இவனுக்கு எங்கேயிருந்து வருகுது?

அந்தப் பாட்டனார்களிடம் கேட்க இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. 1983இல் இருபது வயதில் கடையில் நின்றவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. முதலாளியாக இருந்தவர்கள் தொண்ணூறை எட்டிவிட்டார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிற தீவகப் பிள்ளைகள் அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும், புங்குடுதீவில் இருந்தாலும் பாரிஸில் இருந்தாலும். கேட்க வேண்டியவை பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. கடைக்கு முதல் எவ்வளவு, அது யாருடையது? மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை தந்தார், நீங்கள் எத்தனை நாள் கொடுத்தீர்கள்? பங்காளி பிரியும்போது நல்லெண்ணத்துக்கு எப்படி விலை வைத்தீர்கள்? எரிந்த அன்று வெளியே நின்ற கடன் எவ்வளவு, கொப்பி இல்லாமலும் பிறகு கொண்டுவந்து கட்டியவர்கள் எத்தனை பேர்?