அசுரனை வென்றவள் எங்கே?

விஞ்ஞானப் படங்களில் நம் கதாநாயகி இன்னும் கடத்தப்படுகிறாள். ஹாலிவுட்டில் ஒருத்தி மாறிக் காட்டினாள்.

மைசூரின் சாமுண்டி மலைக்குப் போகிறவர்களை முதலில் எதிர்கொள்பவன் மகிஷாசுரன். ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு. ஊரின் பெயரே அவனுடையதுதான். ஆனால் விஜயதசமியன்று 750 கிலோ தங்க அம்பாரியில், யானை மீது பவனி வருவது அவனைக் கொன்ற சாமுண்டேசுவரி. அசுரனைப் பெண் வெல்வது நமக்குப் பழகிய கதை. அசுரனுக்குப் பதில் வேற்றுக் கிரகவாசியோ ரோபோவோ வந்தால் மட்டும் நம் சினிமா அதை மறந்துவிடுகிறது.

1963ல் வெளியான 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகவாசிகளிடம் விஞ்ஞானம் இருக்கிறது, இசை இல்லை. அதற்காகப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்துகிறார்கள். மீட்கப் போவது எம்.ஜி.ஆர். கடத்தப்படுபவர் பி. பானுமதி. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கியவர், கணவருடன் பரணி ஸ்டுடியோவை நடத்தியவர் அவர். திரையிலோ அவரை ஒருவர் வந்து மீட்க வேண்டியிருந்தது.

47 ஆண்டுகள் கழித்து 'எந்திரன்'. ஐஸ்வர்யா ராயின் சனா மருத்துவ மாணவி. ஆனாலும் ரோபோ அவரைத் தூக்கிச் செல்கிறது. இம்முறை கடத்துபவரும் மீட்பவரும் ரஜினிதான்! 2018ல் வந்த '2.0'வில் நிலா பலசாலி; ஆனால் அவளும் இயந்திரம். அவள் பலம் யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராம்.

பலமான பெண்ணை ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது வெறும் சாக்கு. 1990ல் 'கர்த்தவ்யம்' படத்தில் விஜயசாந்தி அணிந்த காக்கிச் சட்டை, 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று தமிழிலும் ஓடியது.

ஹாலிவுட்டின் சாரா கானரும் பயந்தவளாகத்தான் அறிமுகமானாள். 1984ல் வந்த 'தி டெர்மினேட்டர்' படத்தில் அவள் உணவு விடுதிப் பணிப்பெண். எதிர்காலத்திலிருந்து வரும் இயந்திரம் துரத்த, ஓடுகிறாள். பிறக்கப் போகும் மகன்தான் மனித குலத்தைக் காப்பான் என்பதே அவள் செய்த குற்றம். 1991ல் இரண்டாம் பாகம். மனநல மருத்துவமனையில் அடைபட்ட சாரா, கட்டிலை நிமிர்த்தி வைத்து அதில் தொங்கி உடற்பயிற்சி செய்கிறாள். லிண்டா ஹாமில்டனின் முறுக்கேறிய கைகள்தான் பலருக்கும் நினைவிருக்கின்றன.

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகு வருகிறது. நாளைய அழிவுக்குக் காரணமாகப் போகும் பொறியாளரைக் கொல்லப் புறப்படுகிறாள். அந்த நேரத்தில் அவளே ஒரு டெர்மினேட்டர். கீழே விழுந்து கிடக்கும் அவர் அருகே மனைவியும் சிறு மகனும் கதற, சாராவால் சுட முடியவில்லை. உடைந்து அழுகிறாள். இயந்திரமாக மாறிக்கொண்டிருந்தவள் மீண்டும் மனுஷியாகும் இடம் அது.

நம் படங்களில் காணாமல் போவது இந்த வழிதான். பெண் ஒன்று பிறவியிலேயே சக்தி வடிவம். அல்லது மீட்கப்பட வேண்டியவள். இரண்டுக்கும் இடையே பயந்து, பயின்று, தவறி, திருந்தி வளர அவளுக்குக் காட்சிகள் எழுதப்படுவதில்லை.

2024ல் வந்த 'கல்கி 2898 ஏடி' சாராவின் வாசல் வரை வந்தது. தீபிகா படுகோனின் சுமதி, உலகைக் காக்கப் போகும் குழந்தையைச் சுமப்பவள்; துரத்தப்படுபவள். ஆனால் அவளுக்காக வாளேந்துபவர்கள் மற்றவர்கள். 1984ன் சாராவோடு அவள் கதை நின்றுவிட்டது. 1991ன் சாராவை இங்கே யாரும் இன்னும் எழுதவில்லை.

சாமுண்டி மலையில் அசுரன் வாளோடு காத்திருக்கிறான்.