பெயரை யார் வைப்பது?

ஏலாக்குறிச்சிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் அடைக்கல அன்னை ஆலயத்துக்காக. அண்மையில் நாம் அங்கே போனது வேறு வேலையாக. பறையும் கிதாரும் சேர்ந்த இசைக்குழு ஒன்றைத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் அழைத்திருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர், அவர்களில் இருவர் பெண்கள். கையில் இருப்பவை நான்கு பறை, ஒரு சட்டி, யாரோ கொடுத்த பழைய கிதார். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் அன்று முதல் மேடை. பேனர் அடிக்கக் கொடுக்க வேண்டும். ஆனால் குழுவுக்குப் பெயரும் முடிவாகவில்லை, சின்னமும் முடிவாகவில்லை.

"பேர்லயும் பறை இருக்கணும், சின்னத்துலயும் பறை இருக்கணும்" என்றார் ஒரு தம்பி. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துவிட்டார். "சாவுக்கு அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்கு எங்களைக் கூலி வேலைக்கே கூப்பிடாம நிறுத்தி வச்சாங்க. அந்தப் பறையை விட்டு வெளியில வர நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமாடா? அதையே சட்டையில ஒட்டிக்கிட்டுத் திரியப் போறீங்களா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. நமக்கும்தான்.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

உலகப் புகழ்பெற்ற ராக் இசைக்குழு ரோலிங் ஸ்டோன்ஸ். 1962இல் லண்டனில் வெள்ளைக்கார இளைஞர்கள் தொடங்கியது. அந்தப் பெயர் அவர்களுடையது அல்ல. மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1950இல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து எடுத்தது. அவர் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணையில் கூலி வேலை செய்து வளர்ந்தவர். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டில் குனிந்து பஞ்சு எடுத்த கைகளுக்கு அந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குழுவின் சின்னமான நீட்டிய சிவப்பு நாக்கும் நம் பக்கத்திலிருந்து போனதுதான். குழுவின் பாடகர் மிக் ஜாகர் காட்டிய காளி படத்தை வைத்து, ஜான் பாஷ் என்ற ஓவிய மாணவர் 1970இல் வரையத் தொடங்கிய சின்னம் அது. அவருக்குக் கிடைத்த கூலி 50 பவுண்ட். 2008இல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்று அதன் மூல ஓவியத்தை 92,500 டாலர் கொடுத்து வாங்கியது. நம் ஊர் எல்லையில் நிற்கும் காளியின் நாக்கு இன்று உலகமெங்கும் பனியன்களில் தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டு போகிறவரை நிறுத்தி, 'நீ எந்தத் தெரு?' என்று எவரும் கேட்பதில்லை. பறைப் படத்தைப் போட்டுக்கொண்டு போனால் கேட்பார்கள். பெரியவரின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கேள்வியைப் பெயரிலேயே எதிர்கொண்ட குழு நம் சென்னையில் உண்டு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை, சட்டி, கிதார் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. சுடுகாட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைப் பாடியவர்கள் கோட் சூட் அணிந்து நின்றார்கள். அக்குழுவின் கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேர் தமிழில்தான் இருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் நம் மக்களைச் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று அழைத்தார். சாதியின் அடியில் கிடப்பவர்கள் என்று ஊர் சொன்னபோது, சாதியே இல்லாதவர்கள் என்று அவர் சொன்னார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி அந்த வாதத்தை வாரந்தோறும் எழுதினார். நூறாண்டு கடந்து அந்தச் சொல் ஓர் இசைக்குழுவின் பெயரானது.

நமக்குப் பெயர் என்பது வெறும் அழைப்பு அல்ல. 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசாணை பெற்றுத் தந்தார். 2025 ஏப்ரலில்தான் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். இடையில் 103 ஆண்டுகள்.

இதைப் பேச ஏலாக்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இத்தாலியில் பெஸ்கியாகப் பிறந்தவர் இங்கே வந்து வீரமாமுனிவர் ஆனார். ஊருக்கும் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தான 'ஏ'க்கு இன்றைய வடிவம் தந்தவரும் அவரே என்பார்கள். கடல் கடந்து வந்தவர் தன் பெயரையும் மாற்றலாம், ஊர்ப் பெயரையும் மாற்றலாம், எழுத்தையும் திருத்தலாம். அதே மண்ணில் பிறந்து உழைத்தவர்களுக்கோ ஊர் வைத்த பெயர்தான் பெயர்.

அப்படியானால் பறை? அடிக்க மறுத்ததும் போராட்டம்தான், மீட்டு எடுத்ததும் போராட்டம்தான். பெரியவர்கள் மறுத்தது கருவியை அல்ல, கட்டாயத்தை. அந்த மறுப்பு இல்லாமல் இந்த மேடை இல்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். மணிமாறனும் மகிழினியும் தங்கள் குழுவுக்குப் புத்தர் பெயரை வைத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மறுவாரம் இதையெல்லாம் பிள்ளைகளிடமும் பெரியவரிடமும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு நிபந்தனை வைத்தார். "சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டா போகக் கூடாது. சாராயத்துக்கும் சில்லறைக்கும் அடிக்கக் கூடாது. பேசின கூலியை முன்கூட்டியே வாங்கணும். இது ஒண்ணு. படத்துல குனிஞ்சு நிக்கிற ஆளு வேண்டாம், நிமிர்ந்து நிக்கட்டும். அது ரெண்டு."

ஒரு தங்கை நோட்டில் வரைந்து காட்டினார். வட்டமான பறை முகம், அதன் நடுவில் 'ஏ' என்ற எழுத்து, பக்கத்தில் குச்சியை உயர்த்தி நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நம்ம ஊரு எழுத்துல்ல" என்றார்.

பெயரை ஏப்ரல் 14 அன்று அவர்களே அறிவிப்பார்கள். நிகழ்ச்சி நடத்தும் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். அழைப்பிதழில் 'பறையடிப்பவர்கள்' என்று போடாதீர்கள். அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைப் போடுங்கள். பேசிய தொகையைக் கொடுங்கள். ஆடி முடித்ததும் மற்ற கலைஞர்களுக்குப் போடும் நாற்காலியையே அவர்களுக்கும் போடுங்கள்.