வேகமான இணைப்பும் சரியான வழியும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுவோருக்கு நன்கு தெரிந்த உண்மை ஒன்று உண்டு: சாலை அகலமாக இருப்பது வேறு, துறைமுக வாயில் திறந்திருப்பது வேறு. நம் மேசைக் கணினிக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டு இணைய இணைப்புகள் இருந்தும் மின்னஞ்சல் நகராமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் சுங்க முகவர்களாகவும் சரக்கு அனுப்புவோராகவும் தொழில் நடத்தும் என் பழைய மாணவர்கள் சிலர் இந்தச் சிக்கலை அடிக்கடி சொல்வதுண்டு. இதைச் சிறிய தொல்லை என்று ஒதுக்க முடியாது. சரிபார்க்கப்பட்ட மொத்த எடை முன்கூட்டியே தெரிவிக்கப்படாத சரக்குப் பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஓர் ஆவணம் காலக்கெடுவைத் தவறவிட்டால், பெட்டகம் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரிடும். அந்தச் செலவு சிறு நிறுவனத்தின் லாபத்தை விழுங்கிவிடும்.

கணினி எவ்வாறு வழியைத் தேர்ந்தெடுக்கிறது? ஒவ்வோர் இணைப்புக்கும் அது 'மெட்ரிக்' என்னும் ஓர் எண்ணை வழங்குகிறது. எண் குறைவான இணைப்புக்கே முன்னுரிமை. விண்டோஸ் கணினி, இணைப்பின் வேகத்தைக் கொண்டு இந்த எண்ணைத் தானே முடிவு செய்கிறது. ஆனால் அது பார்ப்பது, கணினிக்கும் அருகிலுள்ள ரூட்டருக்கும் இடைப்பட்ட வேகத்தை மட்டுமே. தெருவில் கண்ணாடியிழைக் கம்பி அறுந்திருந்தாலும், ரூட்டர் வரை செல்லும் கேபிள் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் தயாராக இருந்தும், கணினி அடைபட்ட வழியிலேயே அஞ்சலை அனுப்ப முயலக்கூடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியதை அடுத்து வந்த தொலைபேசி மோடம் காலத்தில் நிலைமை வேறு. அன்றைய அஞ்சல் மென்பொருள்களில், இந்தக் கணக்குக்கு இந்த இணைப்பு என்று நாமே குறிக்க முடிந்தது. இன்று அந்த முடிவைப் பெரும்பாலும் இயங்குதளமே எடுக்கிறது. அஞ்சல் மென்பொருளில் இதற்கான விடையைத் தேடிப் பயனில்லை.

தீர்வுகள் எளியவை. உடனடித் தேவைக்கு, செயலிழந்த இணைப்பின் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும். நிரந்தரமாக மாற்ற விரும்பினால், இணைப்பின் அமைப்புகளில் தானியங்கி மெட்ரிக்கை நீக்கி, நாம் விரும்பும் இணைப்புக்குக் குறைந்த எண்ணைக் கொடுக்கலாம். ஐபி 4, ஐபி 6 இரண்டுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். மேக் கணினியில் இணைப்புகளின் வரிசையை மாற்றினாலே போதும். இடையறாத சேவை தேவைப்படும் அலுவலகங்களுக்கு இரு இணைப்பு ரூட்டர் ஏற்றது. தொலைவிலுள்ள கணினி ஒன்றை அவ்வப்போது தொட்டுப் பார்த்து, வழி அடைபட்டால் மறு வழிக்குத் தானே மாறும்படி அதை அமைக்கலாம்.

வழி மாறிய பிறகு அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், அனுப்பும் வாயிலின் எண்ணைப் பாருங்கள். குப்பை அஞ்சலைத் தடுப்பதற்காக இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் 25ஆம் எண் வாயிலை மூடி வைத்திருக்கின்றன. 587 அல்லது 465 என்பதே பயனாளர்களுக்கு உரிய எண்.

இறுதியாக ஒரு பொருளியல் பாடம். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு கேபிள்களுக்குக் கட்டணம் செலுத்துவது காப்பீடு ஆகாது. கம்பம் சாய்ந்தால் இரண்டும் போகும். 2016இல் வர்தா புயலும் 2023இல் மிக்ஜாம் புயலும் வட சென்னைக்கு இதை உணர்த்திச் சென்றன. மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். எனவே ஒன்று கம்பிவழி, மற்றொன்று கைப்பேசிவழி, ரூட்டருக்கு ஒரு சிறிய மின்கலம் என்று அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. கூடுதல் வேகத்துக்குப் பணம் செலவிடும் முன், இருக்கும் இரண்டு வழிகளில் எது முதலில் என்பதை நாமே முடிவு செய்வோம். அதற்குச் செலவு ஏதுமில்லை.