உங்களுக்குத் தெரியுமா? கோப்புக்குள்ளும் ஓட்டை உண்டு!

முட்டுக்காடு உப்பங்கழிக்கு மேற்கே, சிறுசேரியில் உள்ளதைப் போன்ற தரவு மையங்களில் ‘எல்எஸ்’ கட்டளை 100 ஜிபி என்று காட்டும் கோப்பு, ‘டியு’ போட்டுப் பார்த்தால் 8 ஜிபிதான் பிடித்திருக்கலாம். மீதி ஓட்டை: எதுவும் எழுதாத இடம், படித்தால் வெறும் பூஜ்யம்.

2023 நவம்பரில் ஓப்பன்-இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு பொல்லாத வழு சிக்கியது. எழுதியும் வட்டுக்கு இன்னும் போய்ச் சேராத தரவை, மிக அரிதாக, ஓட்டை என்று சொல்லிவிடும். அதை நம்பி ‘சிபி’ கட்டளை நகலில் பூஜ்யத்தை நிரப்பிவிடும். மூலக் கோப்பு பத்திரம்! பழி முதலில் 2.2.0 பதிப்பின் புதிய வசதிமேல் விழுந்தது. குற்றவாளியோ பல ஆண்டுப் பழைய நிரல். 2.2.2-இல் சரிசெய்தார்கள்.

ஓட்டை எங்கே என்று சொல்லும் நிரலைச் சரிபார்ப்பவர் முதலில் தேட வேண்டியது, நினைவகத்தில் தேங்கிய தரவை. சந்தேகமா? கோப்பு முறைமை ‘ஓட்டை இல்லை’ என்றே சொல்லலாம். நகலெடுக்கக் கொஞ்சம் நேரமாகும், இடமும் கூடலாம், அவ்வளவுதான்.